வெஸ்லியின் இரண்டு கூடங்கள்: பிரிஸ்டலும் லண்டனும்

வியாழன், பிரிஸ்டல்

ஜான் வெஸ்லி தொடங்கிய கிறிஸ்தவப் பிரிவுதான் மெதடிஸ்ட் சபை. உலகத்தின் மிகப் பழைய மெதடிஸ்ட் கட்டடமான நியூ ரூமைச் சுற்றி முழுக்கக் கடைகள். பிராட்மீட் என்ற இந்த வீதி, பிரிஸ்டல்காரர்கள் துணிமணியும் செருப்பும் வாங்க வருகிற இடம். 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியதில் இந்தப் பகுதி பெரும்பாலும் அழிந்துபோனது. இப்போது நிற்கும் கடைகள் போருக்குப் பிறகு கட்டியவை. நடுவில் நியூ ரூம் மட்டும் தப்பி நிற்கிறது.

தெருவிலிருந்து பார்த்தால் கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. ஒரு வாசலைத் தாண்டினால் கல் பாவிய சிறு முற்றம். அங்கே குதிரைமேல் ஜான் வெஸ்லி, 1932இல் வைத்த வெண்கலச் சிலை. பாதி வாழ்க்கையைக் குதிரை முதுகில் கழித்தவர். கடிவாளத்தைத் தளர்த்திவிட்டுப் போகிற வழியெல்லாம் புத்தகம் படிப்பாராம். சிலைக்குப் பின்னால் சாதாரணமான ஒரு முகப்பு, ஒரு கதவு. அவ்வளவுதான்.

இவர் பிரிஸ்டலுக்கு வந்த கதையைச் சொல்லிவிட்டு உள்ளே போகலாம். வெஸ்லி ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், குருவானவர். அப்பாவும் குருவானவர். படிப்பு ஆக்ஸ்போர்டில். எல்லாம் ஒழுங்குப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர். அவருடைய நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் 1739 பிப்ரவரியில் பிரிஸ்டலுக்கு வெளியே கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் நடுவே வெட்டவெளியில் பேசத் தொடங்கினார். கரி அப்பிய கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடுகளாக வழிந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். கூட்டம் பெருகியது. ஒயிட்ஃபீல்ட் வேறு ஊர்களுக்குப் போக வேண்டியிருந்ததால், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று வெஸ்லியை அழைத்தார்.

மார்ச் 31ஆம் தேதி வந்தவருக்கு இதெல்லாம் கூச்சமாக இருந்திருக்கிறது. ஓர் ஆத்துமா கோயிலுக்குள் அல்லாமல் வெளியே இரட்சிக்கப்பட்டால் அதையே பாவம் என்று நினைக்கும் அளவுக்கு ஒழுங்கு பார்த்தவன் நான் என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 2ஆம் தேதி மாலை 4 மணிக்கு, ஊருக்கு ஓரமாக ஒரு செங்கல் சூளை நிலத்தில் ஏறி நின்று அவரும் பேசிவிட்டார்.

அடுத்த மாதமே மனை வாங்கியாயிற்று. மே 9 மனை கைக்கு வந்தது, மே 12 முதல் கல், ஜூன் 3 கட்டி முடியாத அறைக்குள்ளேயே முதல் கூட்டம். இந்த வேகத்தில் கட்டினால் எப்படி இருக்கும்? 1748இல் பெரிதாக்கிக் கட்ட வேண்டி வந்தது. இன்றைக்கு நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த 1748 கட்டடம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது வெளிச்சம். அது பக்கவாட்டிலிருந்து வரவில்லை, தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. தரைத்தளத்தில் சன்னல்கள் மிகக் குறைவு. கூரையின் நடுவில் எண்கோணமாக ஒரு கண்ணாடிக் கூண்டு. அது மாடியை ஊடுருவிக்கொண்டு மேலே போகிறது. இரண்டு பக்கமும் கேலரி. அதைத் தாங்கும் வட்டத் தூண்களில் அலங்காரம் எதுவும் கிடையாது. எதிர்ச்சுவரில் இரண்டடுக்குப் பிரசங்க மேடை: கீழடுக்கு வேதம் வாசிக்க, மேலடுக்கு பிரசங்கம் செய்ய. சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் மரவேலை. சிலுவை எங்கே என்று தேடினால் கண்ணில் அறைகிற மாதிரி ஒன்றும் இல்லை.

கீழே ஏன் சன்னல் வைக்கவில்லை என்று அங்கிருந்த தன்னார்வலரிடம் கேட்டேன். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி, இதே கேள்வியை ஆயிரம் பேர் அவரிடம் கேட்டிருப்பார்கள், ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. "சன்னல் இருந்தால் கல் வரும்" என்றார். சன்னல்களை எண்ணி வரி போட்ட காலம் என்பது இன்னொரு காரணம். மேல் மேடைக்குத் தரையிலிருந்து படி கிடையாதாம், மாடி வழியாகத்தான் இறங்கி வர முடியுமாம். கலவரக்காரர்கள் உள்ளே புகுந்தாலும் பிரசங்கியார் பின்வாங்கிவிடலாம். பாட்டி சொன்னது மிகையில்லை. 1740 ஏப்ரலில் இந்த முற்றத்தையும் சுற்றுச் சந்துகளையும் கும்பல் அடைத்துக்கொண்டு கூச்சல் போட்டு, மேயர் ஆள் அனுப்பிக் கலைக்க வேண்டியிருந்தது.

ஆக, அழகுக்கு என்று நினைத்து நான் ரசித்துக்கொண்டிருந்த அந்த மேல்வெளிச்சம் கல்லெறிக்குப் பயந்து வந்தது. எனக்கு அதனாலேயே இந்தக் கூடம் இன்னும் பிடித்துவிட்டது. மேகம் நகரும்போது எண்கோணத்தின் நிழல் தரையில் மங்கி மறுபடி தெளிவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளி, பிரிஸ்டல்

இன்று மாடி. கூடத்துக்கு மேலே பிரசங்கிகள் தங்கிய சிறுசிறு அறைகள். இப்போது அருங்காட்சியகம். 2017இல் பின்பக்கம் புதிதாக ஒரு கட்டடம் சேர்த்து, லிஃப்டும் காப்பிக் கடையும் வைத்திருக்கிறார்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயங்க வேண்டாம்.

நேற்று கீழிருந்து பார்த்த கண்ணாடிக் கூண்டு இங்கே பொது அறையின் நடுவே நிற்கிறது. எட்டிப் பார்த்தால் கீழே கூடம் முழுதும் தெரிகிறது. இன்னொரு சன்னல் வழியாகப் பிரசங்க மேடையைப் பார்க்கலாம். புதுப் பிரசங்கி கீழே பேசும்போது வெஸ்லி மேலிருந்து கவனிப்பாராம். பேசுகிறவருக்குக் கை நடுங்கியிருக்காதா? ஒரு சிறு ஸ்தாபனத்தின் மேலாளர் அறை மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

படுக்கையறைகள் குட்டி குட்டி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. எந்நேரமும் யாராவது வருவதும் போவதுமாக இருந்திருக்கும். குதிரைகளுக்கு முற்றத்தில் லாயம். 1771இல் இங்கே கூடிய மாநாட்டில்தான், அமெரிக்காவுக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டபோது பிரான்சிஸ் ஆஸ்பரி என்ற 25 வயது இளைஞர் எழுந்து நின்றார். அமெரிக்க மெதடிஸ்ட் சபையை வளர்த்தெடுத்தவர் அவர். அங்கிருந்து வருகிற பயணிகள் அந்தக் கதைக்காகவே இங்கே கூட்டமாக வருகிறார்கள். நான் போனபோதும் ஒரு குழு இருந்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது கடன் கதை. மனை வாங்கியபோது பதினொரு பேர் கொண்ட பொறுப்பாளர் குழு ஒன்றை வெஸ்லி போட்டிருந்தார். கொஞ்ச நாளிலேயே ஒயிட்ஃபீல்டும் நண்பர்களும் எச்சரித்தார்கள்: இப்படி விட்டால் நீ பேசுவது பிடிக்காத அன்றைக்கு உன்னையே உன் கட்டடத்திலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். அவர் குழுவைக் கலைத்துவிட்டு எல்லாவற்றையும் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். சொத்து அவருடையது என்றால் கடனும் அவருடையதுதானே? கையிலோ காசு இல்லை.

மூன்று வருஷம் ஆகியும் கடன் அடையவில்லை. 1742 பிப்ரவரி 15ஆம் தேதி உட்கார்ந்து யோசிக்கிறார்கள். கேப்டன் ஃபோய் என்பவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்கிறார். பலபேருக்கு அதுவும் முடியாதே என்று ஒருவர் ஆட்சேபிக்கிறார். அதற்கு ஃபோய், "இருப்பதிலேயே ஏழைகள் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள். வாராவாரம் போய்க் கேட்கிறேன். கொடுத்தால் சரி, கொடுக்க முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போட்டுவிடுகிறேன். நீங்களும் ஆளுக்குப் பதினொரு பேரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

வசூலுக்குப் போனவர்கள் காசோடு சேதியும் கொண்டு வந்தார்கள். இந்த வீட்டில் ஒருவன் குடிக்கிறான், அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, இன்னொரு வீட்டில் காய்ச்சலில் கிடக்கிறார்கள். ஜனங்களை ஒழுங்காகக் கவனிக்க வழி தெரியாமல் தவித்த வெஸ்லிக்கு உடனே பொறி தட்டியது. பன்னிரண்டு பேர் கொண்ட அந்த வசூல் குழுதான் ‘வகுப்பு’ ஆயிற்று. வாரம் ஒருமுறை கூடி, அவரவர் எப்படி நடந்துகொண்டோம் என்று ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டு, அது இருந்தால்தான் கூட்டத்துக்குள் அனுமதி. மெதடிஸ்ட் சபை உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்த வகுப்பு ஏற்பாடுதான் முதுகெலும்பு என்பார்கள். அச்சடித்த அந்தச் சீட்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அளவில் சீட்டுக்கட்டுச் சீட்டைவிடப் பெரிதில்லை. ஒரு வேத வசனம், கையால் எழுதிய பெயர்.

1746இல் ஏழைகளுக்கு இலவச மருந்தகமும் இங்கே நடத்தினார். மறு வருஷம் கைவைத்தியக் குறிப்புகளைத் திரட்டி மலிவு விலையில் ஒரு புத்தகமும் போட்டார். மருத்துவருக்குக் காசு கொடுக்க முடியாத வீடுகளில் அது பல பதிப்புகள் ஓடியிருக்கிறது. சில வைத்தியங்களைப் படித்தால் நம் பாட்டிமாரே தேவலாம்.

பிரிஸ்டலைப் பற்றிப் பேசிவிட்டு அடிமை வியாபாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்தத் துறைமுகம் அந்தக் காசில் கொழுத்தது. வெஸ்லி 1774இலேயே அதைக் கண்டித்து எழுதினார். 1788 மார்ச்சில், 84 வயதில், கப்பல் முதலாளிகளின் ஊரான இங்கேயே, இதே கூடத்தில், அடிமைத்தனத்துக்கு எதிராகப் பேசப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பேசினார். கூடம் நிரம்பி வழிந்தது. பேச்சின் நடுவே திடீரென்று பெருஞ்சத்தம், ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓட, பெஞ்சுகள் உடைந்தன. சில நிமிஷத்தில் தானாகவே அடங்கியது, பேச்சைத் தொடர்ந்தேன் என்று எழுதுகிறார். சாவதற்கு ஆறு நாள் முன்பு அவர் எழுதிய கடிதம், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்கு, இதே விஷயமாக. அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையை 2020இல் ஜனங்கள் பிடுங்கித் தண்ணீரில் தள்ளிய துறைமுகம் இங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

இவ்வளவு நடந்த கட்டடத்தை மெதடிஸ்டுகள் 1808இல் விற்றுவிட்டார்கள்! வெல்ஷ் கால்வினிஸ்ட் மெதடிஸ்டுகள் என்ற வேறொரு பிரிவினர் வாங்கி நூறு வருஷத்துக்கு மேல் தங்கள் மொழியில் ஆராதனை நடத்தினார்கள். 1929இல் எட்மண்ட் லாம்ப்லோ என்ற செல்வந்தர் திரும்ப வாங்கிக் கொடுத்தார். ஜார்ஜ் ஓட்லி செப்பனிட்டார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் அந்தப் பெரிய கோபுரத்தைக் கட்டிய அதே ஓட்லி. கோபுரத்தில் தன் கைவரிசையை முழுக்கக் காட்டியவர், இங்கே தான் வேலை செய்த சுவடே தெரியாமல் ஒதுங்கிக்கொண்டார். அவர்மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

மாலையில் சார்லஸ் தெருவுக்கும் ஒரு நடை. தம்பி சார்லஸ் வெஸ்லி குடும்பத்தோடு 1771 வரை இருந்த வீடு. ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதியவர். கிறிஸ்துமஸ் அன்று நம்மூர் சபைகளில் ‘கேள் ஜென்மித்த ராயர்க்கே’ என்று பாடுகிறார்களே, அதன் ஆங்கில மூலம் இவருடையது. வீட்டை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

சனி, லண்டன்

காலை ரயிலில் பாடிங்டன், அங்கிருந்து ஓல்ட் ஸ்ட்ரீட். தங்குவது யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில். அண்ணை இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல். பையை வைத்துவிட்டு உடனே சிட்டி ரோட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பிரிஸ்டல் கூடத்தைப் பார்த்த கண்ணோடு வெஸ்லி சாப்பலுக்கு வந்தால் இரண்டும் ஒரே ஆள் கட்டியதா என்று சந்தேகம் வரும். தெருவிலிருந்து உள்தள்ளி, மரங்களும் சிலையும் உள்ள முற்றத்துக்குப் பின்னால், வரிசை வரிசையாக வளைவு சன்னல்களோடு நிமிர்ந்து நிற்கிறது. சன்னல்கள் கீழேயும் உண்டு. நாற்பது வருஷத்தில் கல்லெறி நின்றுபோயிருந்தது.

இதற்கு முன் லண்டனில் அவர்கள் இருந்தது பக்கத்திலேயே, ‘ஃபவுண்டரி’யில். அரசாங்கம் பீரங்கி வார்த்த பட்டறை அது. 1716இல் பெரிய வெடிவிபத்து நடந்து ஆட்கள் செத்து, பீரங்கி வேலை வூலிச்சுக்கு மாறிப்போனது. இடிந்து கிடந்ததை 1739இல் வெஸ்லி 115 பவுனுக்கு வாங்கினார். பழுது பார்க்க அதைப்போலப் பலமடங்கு செலவு. குத்தகை முடியப் போகிற நேரத்தில் புதிதாகக் கட்ட முடிவெடுத்து, நாடு முழுக்க உள்ள சபைகளிடம் கையேந்தினார்.

1777 ஏப்ரல் 21, அடிக்கல் நாட்டு விழா. நல்ல மழை. மழைதான் ஆயிரக்கணக்கான பேரை வரவிடாமல் தடுத்துத் தன்னைக் காப்பாற்றியது என்று நாட்குறிப்பில் கிண்டலாக எழுதுகிறார். வந்த கூட்டத்திலேயே கல்லை நெருங்குவது பாடாகிவிட்டதாம். தன் பெயரும் தேதியும் பொறித்த பித்தளைத் தகட்டை உள்ளே வைத்து மூடியாயிற்று, உலகம் எரிந்து அழியும் நாள்வரை எந்த மனிதக் கண்ணும் இனி அதைப் பார்க்காது என்றும் சேர்த்துக்கொள்கிறார். 1778 நவம்பர் 1 திறப்பு. வரைபடம் லண்டன் நகரக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் டான்ஸ் இளையவருடையது. அப்போது நியூகேட் சிறைச்சாலையைக் கட்டிக்கொண்டிருந்தவரும் அவரே. கொத்து வேலையைப் பொறுப்பெடுத்தவர் சாமுவேல் டூத், வெஸ்லியின் ஆள்.

சுத்தமாக, ஒழுங்காக இருக்கிறது, ஆடம்பரம் இல்லை என்பது வெஸ்லி தந்த சான்றிதழ். இன்று உள்ளே போனால் அந்தச் சான்றிதழ் முழுக்கப் பொருந்தாது. காரணம் பின்னால் வந்தவர்கள். கேலரியைத் தாங்க முதலில் நின்றவை கப்பல் பாய்மரங்கள், டெப்ட்ஃபோர்ட் கப்பல் தளத்திலிருந்து மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்தவை. வெஸ்லி இறந்து நூறு வருஷம் நிறைந்த 1891இல் அவற்றை எடுத்துவிட்டு, வெளிநாட்டு மெதடிஸ்ட் சபைகள் அன்பளித்த பளபளக்கும் ஜாஸ்பர் கல் தூண்களை நிறுத்தினார்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் பிற்காலத்தவை. பழைய பாய்மரங்கள் சில வாசல் மண்டபத்தில் நிற்கின்றன. நான் உள்ளே போனதைவிட அந்த மண்டபத்தில்தான் அதிகம் நின்றேன். வண்ணம் பூசியிருந்தாலும் கையை வைத்தால் மரம் என்று தெரிகிறது. அந்தத் தூண்களோடு சாப்பல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், 1891ஆம் வருஷத்து நன்கொடையாளர்கள்மேல் சின்னக் கோபம் வருகிறது.

வெஸ்லி வடிவம் சொல்லிச் செய்யச் சொன்னதாகச் சொல்லப்படும் ஒரு வேலைப்பாடு மட்டும் கேலரி முகப்பு நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறது. தன் வாலைத் தானே கவ்விய பாம்பு ஒரு வட்டமாக, அதன் நடுவில் ஒலிவக் கிளையோடு புறா. பாம்புகளைப்போல விவேகமும் புறாக்களைப்போலக் கபடமின்மையும் என்ற வசனம்தான். ஒவ்வொரு புறாவும் கொஞ்சம் குண்டு.

பிரசங்க மேடை முன்பு மூன்றடுக்காக, இப்போதைவிட உயரமாக, திருவிருந்து மேசையை மறைத்துக்கொண்டு நடுவில் நின்றது. ஐந்தடி மூன்று அங்குல மனிதருக்கு அந்த உயரம் தேவைப்பட்டிருக்கும். கீழே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பது அவர் போட்ட கண்டிப்பான விதி. நம்மூர்க் கோயில்களில் இன்றும் பல இடங்களில் அப்படித்தானே, ஆனால் இங்கே அது அவர் போனபிறகு நிலைக்கவில்லை. குடும்பத்தோடு உட்கார வேண்டும் என்று லண்டன்காரர்கள் நச்சரித்து நச்சரித்து மாற்றிவிட்டார்கள்.

பக்கத்திலேயே அவர் வீடு, 1779இல் கட்டியது. குறுகலாக, உயரமாக, தளத்துக்கு இரண்டு மூன்று அறை. ஒரு தளத்தில் மின்சார எந்திரம் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் லேசாக ஷாக் அடிக்கும், அதைத் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் வைத்தியமாகக் கொடுத்தார்! இன்னொன்று ‘அறைக் குதிரை’: உள்ளே வில் வைத்த தோல் நாற்காலி. மழை நாளில் அதில் உட்கார்ந்து மேலும் கீழும் குதித்தால் சவாரி செய்த உடற்பயிற்சி கிடைக்குமாம். படுக்கையறையை ஒட்டிச் சன்னலோடு சின்னஞ்சிறு ஜெப அறை. இந்த வீட்டில்தான் 1791 மார்ச் 2ஆம் தேதி, 87 வயதில் இறந்தார். கூட்டத்துக்குப் பயந்து மார்ச் 9ஆம் தேதி விடியற்காலை 5 மணிக்கே, விளக்கு வெளிச்சத்தில், சாப்பலுக்குப் பின்னால் அடக்கம் செய்துவிட்டார்கள். கல்லறையைச் சுற்றி இப்போது கண்ணாடி அலுவலகக் கட்டடங்கள். யாரோ ஒருவர் மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்திருந்தார்.

தம்பி சார்லஸ் இங்கே இல்லை. 1788இல், மூன்று வருஷம் முன்னாலேயே, இறந்த அவர், இங்கே அடக்கம் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். இது ஆங்கிலிக்கன் சபை பிரதிஷ்டை செய்த மண் இல்லை என்பது அவர் கட்சி. 1784இல் பிரிஸ்டலில் அண்ணன் தன் கையாலேயே அமெரிக்காவுக்கு ஊழியர்களை அபிஷேகம் செய்து அனுப்பியதையும் அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மேரிலபோன் பங்குக் கோயில் மண்ணில் போய்ப் படுத்துக்கொண்டார். அண்ணனும் கடைசிவரை நான் ஆங்கிலிக்கன்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வாசலில் நிற்கிற சாப்பல் வேறு கதை சொல்கிறது. பிரிஸ்டலில் ஒரு கூட்ட அறை கட்டினார். இங்கே கட்டியது, எந்தப் பக்கம் பார்த்தாலும், ஒரு கோயில்.

நிலவறையில் மெதடிஸ்ட் அருங்காட்சியகம். அதை ஒட்டிய ஆண்கள் கழிப்பறையைத் தவறவிடாதீர்கள்: விக்டோரியா காலத்துப் பீங்கானும் மரமும் தாமஸ் கிராப்பர் தொட்டியும் சங்கிலியும் அப்படியே வேலை செய்கின்றன.

ஞாயிறு, லண்டன்

ஆராதனைக்கு, நான் தங்கியிருக்கும் வீட்டு அக்காவும் வந்தார். சைவக் குடும்பம்தான், ஆனால் அவருடைய அம்மா யாழ்ப்பாணத்தில் வேம்படி மகளிர் பாடசாலையில் படித்தவர். "தம்பி, அம்மா ஞானப்பாட்டெல்லாம் நல்லாப் பாடுவா. தேவாரமும் பாடுவா" என்றார்.

சாப்பல் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஆப்பிரிக்க முகங்கள், கரீபிய முகங்கள், தலையில் பெரிய துணிக்கட்டோடு வந்த பாட்டிமார். வெளியே சிலையின் அடியில் ‘உலகமே என் சேகரம்’ (சேகரம் என்றால் ஒரு குருவானவர் கவனிக்கும் பகுதி) என்ற பொருளில் வெஸ்லியின் வாக்கைப் பொறித்திருப்பதை உள்ளே வந்தவர்கள் நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். 1970களில் இந்தக் கட்டடம் இடிந்துவிழும் நிலைக்குப் போய்விட்டது. உலகம் முழுக்கப் பணம் திரட்டிச் செப்பனிட்டு, சரியாக 200 வருஷம் நிறைந்த 1978 நவம்பர் 1ஆம் தேதி எலிசபெத் ராணி முன்னிலையில் மறுபடி திறந்தார்கள். திருவிருந்துக் கிராதி மார்கரெட் தாட்சர் கொடுத்தது. 1951இல் அவருக்கு இங்கேதான் கல்யாணம் நடந்தது. அக்கா கிராதியை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

முடிந்ததும் எதிரே பன்ஹில் ஃபீல்ட்ஸ். ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியே நின்றவர்களைப் புதைத்த மைதானம்: பனியன், டீஃபோ, பிளேக், பாட்டுக்காரர் ஐசக் வாட்ஸ். 1742இல் இறந்த வெஸ்லியின் அம்மா சுசன்னாவும் இங்கேதான். பத்தொன்பது பிள்ளை பெற்று, பாதியைப் பறிகொடுத்தவர்.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அக்காவிடம் கேட்டேன், வேம்படிக்கு இந்த மெதடிஸ்டுகள் எப்படி வந்து சேர்ந்தார்கள் தெரியுமா என்று. "வெள்ளைக்காரர் வந்தவை, பள்ளிக்கூடம் கட்டினவை. வேற என்ன?" என்றார்.

கதை கொஞ்சம் நீளம். வெஸ்லியின் வலக்கையாக இருந்த தாமஸ் கோக், கிழவரான பிறகும் விடாமல் கீழ்த்திசைக்கு மிஷன் வேண்டும் என்று மாநாட்டில் மன்றாடி, செலவுக்குத் தன் சொந்தப் பணம் 6000 பவுன் தருகிறேன் என்று சொல்லி, 1813 டிசம்பர் கடைசியில் ஆறு இளைஞர்களோடு கப்பல் ஏறினார். 1814 மே 3ஆம் தேதி காலை, இந்தியப் பெருங்கடலில், தன் அறையில் இறந்து கிடந்தார். உடலைக் கடலில் விட்டார்கள். பணமும் அவர் பெயரில், அறிமுகக் கடிதங்களும் அவர் பெயரில். பம்பாயில் இறங்கிய இளைஞர்களில் ஐந்து பேர் எப்படியோ சமாளித்து ஜூன் 29ஆம் தேதி இலங்கையில் வெலிகம கரையேறினார்கள். வேலையைப் பிரித்துக்கொண்டதில் ஜேம்ஸ் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம், வில்லியம் ஆல்ட் மட்டக்களப்பு. ஆல்ட் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை, 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அதற்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கியிருந்தார். லிஞ்ச் 1817இல் கடல் தாண்டிச் சென்னைக்குப் போனார். ராயப்பேட்டை வெஸ்லி சபையின் தொடக்கம் அது. 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இவர்கள் வழி வந்த தென்னிந்தியச் சபைகள் அதில் கலந்துவிட்டன. இன்று சென்னைக்காரர்கள் சி.எஸ்.ஐ. வெஸ்லி சர்ச் என்று சொல்லிவிட்டுப் போவது இந்த ஐந்து பேர் வந்த வழி.

யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குப் பின் வந்தவர் பீட்டர் பெர்சிவல். அவருடைய பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவரோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழில் திருத்தி எழுதியவர் ஆறுமுக நாவலர். இதைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாவலர் 1847 டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, படிக்காதவருக்கும் விளங்குகிற மாதிரி. மறு வருஷம் மிஷன் வேலையை விட்டுச் சைவப்பிரகாச வித்தியாசாலை கட்டினார்.

"அப்ப பிரசங்கம் பண்ணப் பழகினது இவையளிட்டத்தான் எண்டு சொல்லுறியோ?" என்றார் அக்கா.

"எடுத்தது இவர்களிடமிருந்து, திருப்பிக் கொடுத்ததும் இவர்களுக்கே" என்றேன்.

"நாவலர் கேட்டிருந்தா உன்னை ஒரு கண்டனப் பத்திரமே எழுதிக் கிழிச்சிருப்பார்" என்று சிரித்துவிட்டு, வீட்டில் ஒடியல் கூழ் ஆறிப்போகும் என்று எழுந்துவிட்டார்.

நாளை லிங்கன்ஷயரில் எப்வொர்த். 1709இல் தீப்பிடித்த குருமனையின் மாடி சன்னலிலிருந்து ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறி இறக்கிய இடம். ரயிலும் பஸ்ஸும் மாறிப் போக வேண்டும், அதனால் அடுத்த பதிவு கொஞ்சம் தாமதமாகலாம்.